டாப்-டூ பிரைமரியில் தந்திர ஓட்டு: ஷிஃப் ஜெயிக்க கார்விக்குப் போடலாமா?

#1 குபெர்டினோ வாசி
2024 பிப்ரவரி 17

கலிபோர்னியா செனட் பிரைமரி (நவம்பர் தேர்தலுக்கு ஆளைப் பொறுக்குற முதல்கட்டத் தேர்தல்), மார்ச் 5. எனக்கு டெமாக்ரட் ஆடம் ஷிஃப் வந்தா போதும். அவர் முதல் இரண்டுக்குள்ள வர்றது கிட்டத்தட்ட உறுதி. அப்போ என் ஓட்டு அவருக்கு வீண்தானே? அதை ரிபப்ளிக்கன் ஸ்டீவ் கார்விக்குப் போட்டு, இன்னொரு டெமாக்ரட் கேட்டி போர்ட்டரை மூணாவது இடத்துக்குத் தள்ளிட்டா நவம்பர்ல ஷிஃப்புக்கு வேலை சுலபம். ஷிஃப்பே கார்வி படத்தைப் போட்டுத்தான் டிவியில விளம்பரம் ஓட்டுறார். கணக்கு சரியான்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

#2 ஓட்டுக்கணக்கு
2024 பிப்ரவரி 17

கணக்கு சரி. கேள்வியைத்தான் இன்னொரு தடவை பார்க்கணும்.

இந்த முறை 2010 ஜூன்ல புரொபொசிஷன் 14 நிறைவேறி, 2012ல இருந்து நடக்குது. கட்சி பார்க்காம எல்லா வேட்பாளரும் ஒரே வாக்குச்சீட்டுல. முதல் ரெண்டு பேர் நவம்பருக்குப் போவாங்க. முதலிடத்துக்குத் தனிப் பரிசு கிடையாது; பிரைமரியில 60 சதவீதம் வாங்கினாலும் நவம்பர்ல மறுபடி நிக்கணும். அதனால நிஜமான சண்டை ரெண்டாவது இடத்துக்கும் மூணாவது இடத்துக்கும் நடுவுலதான்.

"டெமாக்ரட் யார் வந்தாலும் சரி"ங்கிறது உங்க நோக்கம்னா, கார்விக்குப் போடுறதுல லாபம் பூஜ்யம். ஷிஃப்பும் போர்ட்டரும் நவம்பர்ல மோதினா சீட் எப்படியும் டெமாக்ரட்டுக்கு. கார்வி வந்தா அந்த உறுதி கொஞ்சம் குறையும், அவ்வளவுதான். "ஷிஃப்தான் வேணும், போர்ட்டர் வேண்டாம்"னா மட்டும்தான் உங்க யோசனைக்கு அர்த்தம் இருக்கு.

அதுக்கும் விலை உண்டு. மாநில அளவுல ரிபப்ளிக்கன் பேர் ஒண்ணு சீட்டுல இருந்தா அந்தக் கட்சி ஓட்டர்களுக்கு நவம்பர்ல கிளம்பி வர இன்னொரு காரணம் கிடைக்குது. ஆரஞ்ச் கவுன்டியிலயும் சென்ட்ரல் வேலியிலயும் இழுபறியா இருக்கிற ஹவுஸ் (பிரதிநிதிகள் சபை) தொகுதிகள் இருக்கு. ஷிஃப்புக்கு மிச்சமாகிற செலவை அங்க நிக்கிற டெமாக்ரட் யாரோ கட்டுவார்.

#3 ஓட்டுக்கணக்கு
2024 பிப்ரவரி 18

நேத்து விட்டுப்போனது. இந்தச் சீட்டுல செனட்டுக்கு ரெண்டு போட்டி இருக்கு. ஜனவரியில தொடங்குற ஆறு வருஷப் பதவி ஒண்ணு. டயான் ஃபைன்ஸ்டைன் மறைவால காலியான இடத்தோட மிச்ச நாட்களுக்கு ஒண்ணு. பெரும்பாலும் அதே பேர்கள்தான். ரெண்டுலயும் தனித்தனியா குறிக்கணும். ஒண்ணை வெறுமையா விட்டா சீட்டு செல்லாமப் போகாது, அந்தப் போட்டியில மட்டும் உங்க ஓட்டு இருக்காது. மிச்ச காலப் போட்டியில வேட்பாளர்கள் குறைவு, ஓட்டு சிதறுறதும் குறைவு. ஒரே ஆளுக்கு ரெண்டு இடத்துல ரெண்டு விதமா வரிசை வரலாம். முடிவு வந்ததும் பார்த்துக் குழம்பாதீங்க.

#4 டாலஸ் தபால்
2024 பிப்ரவரி 21

எதிர்க்கட்சியில சொத்தையான ஆளைப் பார்த்து ஓட்டுப் போடுறது ஓப்பன் பிரைமரி (கட்சிக்காரர் இல்லாதவரும் போடலாம்ங்கிற முறை) இருக்கிற எல்லா மாநிலத்துலயும் நடக்குறதுதானே? நியூ ஹாம்ப்ஷயர்ல டெமாக்ரட்டுகள் கூட்டம் கூட்டமாப் போய், ரிபப்ளிக்கன் பிரைமரியில டிரம்பை எதிர்த்து நின்ன நிக்கி ஹேலிக்குக் குத்தினாங்கன்னு படிச்சேன்.

#5 ஓட்டுக்கணக்கு
2024 பிப்ரவரி 21

நியூ ஹாம்ப்ஷயர்ல பதிவு பண்ணின டெமாக்ரட் ரிபப்ளிக்கன் சீட்டு வாங்கவே முடியாது. கட்சி மாறணும்னா 2023 அக்டோபர் 6க்குள்ள மாறியிருக்கணும். ஜனவரி 23 அன்னிக்கு உள்ள போனவங்க எந்தக் கட்சியிலும் பதிவில்லாதவங்க. அவங்கள்ல டெமாக்ரட் மனசுக்காரங்க நிறைய இருந்திருப்பாங்க, சரி. ஆனா அது வேற விஷயம்.

"ஓப்பன்"ங்கிற ஒரே பேர்ல பல சட்டம் ஓடுது. தந்திரம் பண்ணுறதுக்கு முன்னாடி உங்க மாநிலத்துல பூட்டு எங்க தொங்குதுன்னு பாருங்க.

மிச்சிகன்ல கட்சிப் பதிவே கிடையாது. ஜனாதிபதி பிரைமரியில எந்தக் கட்சிச் சீட்டு வேணும்னு கேட்டு வாங்கணும். மற்ற பிரைமரியில ரெண்டு கட்சியும் ஒரே தாள்ல பக்கத்துப் பக்கத்துப் பத்தியில இருக்கும். ஒரு பத்திக்குள்ளயே நிக்கணும். பத்தி தாண்டிக் குறிச்சா கட்சிப் போட்டிகள் மொத்தமும் போச்சு.

தெற்கு கரோலினாவுல ரெண்டு கட்சிக்கும் வேற வேற நாள். இந்த வருஷம் டெமாக்ரட் பிப்ரவரி 3, ரிபப்ளிக்கன் பிப்ரவரி 24. மூணாம் தேதி போட்டவருக்கு 24ஆம் தேதி கதவு திறக்காது.

உங்க டெக்சாஸ்ல மார்ச் 5 அன்னிக்கு எந்தக் கட்சி பிரைமரியில போட்டீங்களோ, மே 28 ரன்-ஆஃப்ல (யாரும் பாதி தாண்டலன்னா முதல் ரெண்டு பேருக்கு நடக்கிற மறுசுற்று) அதே கட்சிதான். மார்ச்ல போடாமலே விட்டவர் மட்டும் ரன்-ஆஃப்ல எதை வேணும்னாலும் எடுக்கலாம். ஊர்ல நீதிபதி, கவுன்டி கமிஷனர் பதவியெல்லாம் ஒரு கட்சி பிரைமரியிலேயே முடிவாகிற இடங்கள் நிறைய. மேல ஒரு பேருக்கு விளையாடப் போய், கீழ இருக்கிற இருபது பேர் விஷயத்துல உங்க குரலை விட்டுக்கொடுக்கிறீங்க. டெக்சாஸ்காரங்க முதல்ல பார்க்க வேண்டிய கணக்கு இது.

வயோமிங்ல 2022 வரைக்கும் வாக்குச்சாவடியிலேயே கட்சி மாறலாம். டிரம்பை எதிர்த்த ரிபப்ளிக்கன் லிஸ் செனிக்காக டெமாக்ரட்டுகள் மாறினாங்க. அப்படியும் அவருக்கு 29 சதவீதம்தான், ஹேரியட் ஹேக்மனுக்கு 66. அடுத்த வருஷமே சட்டம் போட்டு, வேட்புமனு வாங்க ஆரம்பிச்ச பிறகு கட்சி மாறக்கூடாதுன்னு மூடிட்டாங்க.

#6 ஓட்டுக்கணக்கு
2024 பிப்ரவரி 22

சொத்தை ஆளைத் தேர்ந்தெடுக்கிற விஷயம் தனியா. அதைப் பெரும்பாலும் பண்ணுறது ஓட்டர் இல்ல, பிரசாரக் குழுவோட பணம். 2012 மிசௌரியில டெமாக்ரட் செனட்டர் கிளேர் மெக்காஸ்கில் சுமார் 17 லட்சம் டாலர் செலவழிச்சு, ரிபப்ளிக்கன் டாட் அகின் "ரொம்பவே கன்சர்வேட்டிவ்"னு விளம்பரம் பண்ணினார். கேட்க எதிர்ப்பு மாதிரி இருக்கும், ரிபப்ளிக்கன் ஓட்டர் காதுல அது சிபாரிசு. அகின் பிரைமரியில ஜெயிச்சு நவம்பர்ல தோத்தார். 2022ல மிச்சிகன் 3ஆவது தொகுதியில டெமாக்ரட் தரப்பு அதே மாதிரி ரிபப்ளிக்கன் ஜான் கிப்ஸை ஏத்திவிட்டது. டிரம்ப் பதவிநீக்கத்துக்கு வாக்களிச்ச ரிபப்ளிக்கன் பீட்டர் மையர் வெளியே போனார், தொகுதி டெமாக்ரட் கைக்கு வந்தது. செனட்டும் ஹவுஸும் இப்படி இருக்குன்னு புலம்புறவங்க இந்த மையர் கதையை ஞாபகம் வெச்சுக்கணும்.

சாதாரண ஓட்டர் கட்சி தாண்டிப் போறப்போ வேற மாதிரி நடந்துக்கறார். 2014 மிசிசிப்பியைப் பாருங்க. ஜூன் 3 ரிபப்ளிக்கன் செனட் பிரைமரியில கிறிஸ் மெக்டேனியல் 49.5, தாட் காக்ரன் 49.0. யாரும் பாதி தாண்டாததால ஜூன் 24 ரன்-ஆஃப். காக்ரன் ஆட்கள் கறுப்பின டெமாக்ரட் ஓட்டர்களைத் தேடிப் போனாங்க. ஜூன் 3 டெமாக்ரட் பிரைமரியில போடாதவங்க எல்லாருக்கும் கதவு திறந்திருந்தது. வந்தாங்க, காக்ரன் சுமார் 7,700 ஓட்டுல ஜெயிச்சார். வந்தவங்க கெடுக்க வரல. ரெண்டு பேர்ல பரவாயில்லாதவர் யாரோ அவரைக் காப்பாத்த வந்தாங்க. கட்சி தாண்டுற ஓட்டுல பெரும்பகுதி இந்த ரகம்தான்.

#7 குபெர்டினோ வாசி
2024 பிப்ரவரி 24

இப்போ போர்ட்டர் தரப்பு எரிக் எர்லிங்கிற இன்னொரு ரிபப்ளிக்கனைப் பத்தி ஆன்லைன்ல விளம்பரம் போடுது. தலை சுத்துது.

#8 ஓட்டுக்கணக்கு
2024 பிப்ரவரி 24

ஷிஃப் கார்வியை ஏத்துறார். போர்ட்டர் எர்லியை ஏத்தி கார்வி ஓட்டைப் பிரிக்கப் பார்க்கிறார். ரிபப்ளிக்கன் கட்சிக்கு கலிபோர்னியாவுல இவ்வளவு தாராளமா விளம்பரம் பண்ண அந்தக் கட்சிகிட்டயே காசு இல்ல. நம்ம ஊர்ல டம்மி வேட்பாளர் நிறுத்துறவங்க டெபாசிட்டுக்கும் போஸ்டருக்கும் செலவழிப்பாங்க. இங்க ஆள் ஏற்கெனவே நிக்கிறார், வெளிச்சம் மட்டும் அடிச்சா போதும்.

#9 சியாட்டல் மழை
2024 பிப்ரவரி 26

ஒரு தரப்புல நிறைய பேர் நின்னா மொத்தமா வெளியே போயிடுவாங்கன்னு சொல்றாங்களே, அது எத்தனை பேர் நின்னா?

#10 ஓட்டுக்கணக்கு
2024 பிப்ரவரி 26

காகிதத்துல போட்டுப் பாருங்க. தொகுதியில ஒரு தரப்புக்கு 60, இன்னொரு தரப்புக்கு 40. சின்னத் தரப்புல ரெண்டே பேர், சமமா 20–20. பெரிய தரப்புல மூணு பேர் சமமாப் பிரிச்சா ஆளுக்கு 20, இழுபறி. நாலு பேர்னா ஆளுக்கு 15, நவம்பர் இடம் ரெண்டும் சின்னத் தரப்புக்கு.

அதே சின்னத் தரப்பு 25–15னு பிரிஞ்சிருந்தா? பெரிய தரப்புல ஒவ்வொருத்தரும் 15க்குக் கீழ போகணும், அதுக்கு அஞ்சு பேர் சமமாப் பிரிக்கணும். 35–5னு பிரிஞ்சா பதிமூணு பேர் வேணும், நடக்காத காரியம். ஆக ஆபத்து வர்றதுக்கு ரெண்டும் ஒண்ணா நடக்கணும்: பெரிய தரப்புல நெரிசல், சின்னத் தரப்புல ரெண்டே பேர் சம பலத்தோட. எத்தனை பேர் நிக்கிறாங்கன்னு மட்டும் பார்த்துப் பயப்படாதீங்க, எதிர்த்தரப்பு எப்படிப் பிரியுதுன்னும் பாருங்க.

2012ல கலிபோர்னியா 31ஆவது தொகுதி இப்படித்தான் போச்சு. ஒபாமா ஜெயிச்ச தொகுதி. நாலு டெமாக்ரட், ரெண்டு ரிபப்ளிக்கன். ரிபப்ளிக்கன்கள் கேரி மில்லரும் பாப் டட்டனும் நவம்பருக்குப் போனாங்க. டெமாக்ரட் பீட் அகிலார் மூணாவது. ரெண்டு வருஷம் கழிச்சு அகிலார் அந்த சீட்டைப் பிடிச்சார், அப்பவும் பிரைமரியில ரெண்டாவது இடத்துக்கு நூலிழையில வந்தவர்தான். 2018ல 48ஆவது தொகுதியில டெமாக்ரட் ஹார்லி ரவுடா, இன்னொரு டெமாக்ரட் ஹான்ஸ் கீர்ஸ்டெட்டை 125 ஓட்டுல தாண்டி ரெண்டாவது வந்தார், நவம்பர்ல ரிபப்ளிக்கன் டானா ரோராபாக்கரைத் தோற்கடிச்சார். அந்தப் போட்டியில விலகின டெமாக்ரட்டுகளும் இருந்தாங்க, ஆனா பேர் சீட்டுல அப்படியே இருந்தது. கலிபோர்னியாவுல மனுத் தாக்கல் முடிஞ்ச பிறகு "விலகிட்டேன்"னு பேட்டி கொடுக்கலாம், சீட்டுல இருந்து பேரை எடுக்க முடியாது. அந்தப் பேருக்கும் ஓட்டு விழுந்துக்கிட்டே இருக்கும்.

#11 ஓட்டுக்கணக்கு
2024 பிப்ரவரி 27

தந்திரமாப் போடணும்னு நினைக்கிறவங்க சீட்டை எப்போ அனுப்பணும்ங்கிறதுதான் நிறைய பேர் கோட்டை விடுற இடம். தேர்தலுக்கு 29 நாள் முன்னாடியே சீட்டு தபால்ல கிளம்பிடுது. மனசுக்குப் பிடிச்சவருக்குப் போடுறவர் அன்னிக்கே அனுப்பலாம். கணக்குப் பார்த்துப் போடுறவர் கடைசி வாரம் வரைக்கும் வெச்சிருக்கணும், ஏன்னா யார் மூணாவதுன்னு அப்போதான் தெரியும். அனுப்பின பிறகு வேட்பாளர் விலகினாலும் சீட்டைத் திரும்ப வாங்க முடியாது.

மார்ச் 5க்குள்ள தபால் முத்திரை விழுந்து, அடுத்த 7 நாளுக்குள்ள கவுன்டிக்குப் போய்ச் சேரணும். கடைசி நாள் தெருவோரப் பெட்டியில போட்டா சாயங்காலம் எடுத்தாச்சான்னு பாருங்க. எடுத்துட்டாங்கன்னா முத்திரை மறுநாள்தான். தேர்தல் பெட்டியிலயோ வாக்கு மையத்திலயோ இரவு 8 மணிக்குள்ள போடுறது நிம்மதி. உறையில போடுற கையெழுத்து, உங்க வாக்காளர் பதிவுல இருக்கிறதோட (பெரும்பாலும் டிரைவிங் லைசென்ஸ் கையெழுத்து) ஒத்துப்போகணும். லைசென்ஸ்ல தமிழ்ல கையெழுத்துப் போட்டவங்க உறையில இங்கிலீஷ்ல போட்டு மாட்டிக்காதீங்க. மாட்டினா கவுன்டி கடிதம் அனுப்பும், அதுக்குப் பதில் போட்டுச் சரிபண்ணிக்கலாம். குப்பைத் தபால்னு தூக்கிப் போட்டா ஓட்டும் அதோட போச்சு.

#12 ஓட்டுக்கணக்கு
2024 மார்ச் 6

ஷிஃப், கார்வி உள்ளே. போர்ட்டர் வெளியே. சதவீதத்தை இன்னிக்கே மனப்பாடம் பண்ணாதீங்க, இங்க எண்ணி முடிக்க வாரக்கணக்காகும்.

#13 ஓட்டுக்கணக்கு
2024 ஏப்ரல் 14

எண்ணி முடிச்சாச்சு. ஆறு வருஷப் போட்டி: ஷிஃப் 31.6, கார்வி 31.5, போர்ட்டர் 15.3, இன்னொரு டெமாக்ரட் பார்பரா லீ 9.8, எர்லி 3.3. மிச்ச காலப் போட்டியில கார்வி முதல், ஷிஃப் ரெண்டாவது.

லீ ஓட்டர் அத்தனை பேரும் போர்ட்டருக்கு மாறியிருந்தாலும் 25தான் ஆகும். கார்வியோட 31க்கு எட்டாது. "லீ விலகியிருந்தா"ன்னு பேசுறவங்களுக்கு இது போதும். எர்லி விளம்பரமும் அவ்வளவு பெரிய இடைவெளியை அடைக்கிற அளவுக்குப் பிரிக்கல. முதல் பதிவுல கேட்டவர் உட்பட தந்திரமா கார்விக்குப் போட்ட டெமாக்ரட்டுகள் எல்லாரும் ஷிஃப்புக்கே போட்டிருந்தாலும் இந்த வரிசை மாறியிருக்குமான்னு சந்தேகம். கார்வியைத் தூக்கினது ரிபப்ளிக்கன் ஓட்டர்கள். யாருக்குப் போடணும்னு தெரியாம இருந்தவங்களுக்கு ஷிஃப்போட விளம்பரம் பேரைச் சொல்லிக் கொடுத்தது.

#14 குபெர்டினோ வாசி
2024 மே 3

நான் கடைசியில ஷிஃப்புக்கேதான் போட்டேன். அதை விடுங்க, எங்க பக்கத்து ஹவுஸ் தொகுதியில நடந்த கூத்தைச் சொல்லுங்க.

#15 ஓட்டுக்கணக்கு
2024 மே 3

16ஆவது தொகுதி. அங்க உறுப்பினரா இருந்த அன்னா எஷூ மறுபடி நிக்காததால காலி சீட். 11 பேர் நின்னாங்க. சாம் லிக்கார்டோ முதல். ரெண்டாவது இடத்துல எவன் லோ 30,249, ஜோ சிமிட்டியன் 30,249. ஒரு ஓட்டுகூட வித்தியாசம் இல்ல. சட்டப்படி சமம்னா ரெண்டு பேருமே நவம்பருக்கு, அதாவது மூணு பேர் போட்டி.

இங்க மறு எண்ணிக்கை தானா வராது. ஓட்டர் யாராவது கேட்டு, செலவைக் கட்டணும். சமமா நின்ன ரெண்டு பேருக்கும் அது வேண்டாம், ஏன்னா ரெண்டு பேருக்கும் ஏற்கெனவே இடம் இருக்கு. மூணு பேரா இருக்கிறது யாருக்கு இடைஞ்சலோ அந்தப் பக்கத்துக்குத்தான் ஆர்வம் வரும்னு எல்லாரும் பேசினாங்க. கடைசியில மறுபடி எண்ணினதுல லோ 5 ஓட்டு முன்னாடி வந்தார், சிமிட்டியன் வெளியே. 11 பேர் நிக்கிற இடத்துல 17 சதவீதம் வாங்கினா ரெண்டாவது இடம் வந்துடுது. இந்த மாதிரி போட்டியில ஓட்டைப் பிடிச்சவருக்கே போடுங்க. வரிசையை யாராலயும் முன்கூட்டிக் கணிக்க முடியாது, கணிக்க முடியாத இடத்துல தந்திரம் வெறும் சீட்டுக்குலுக்கல்.

#16 சியாட்டல் மழை
2024 ஆகஸ்ட் 10

#10ல நீங்க போட்ட கணக்கு இங்க வாஷிங்டன்ல நடந்துக்கிட்டிருக்கு! பொது நில ஆணையர் பதவி. அஞ்சு டெமாக்ரட், ரெண்டு ரிபப்ளிக்கன்.

#17 ஓட்டுக்கணக்கு
2024 ஆகஸ்ட் 10

அச்சு அசல். அஞ்சு பேருக்கும் சேர்த்து 57 பக்கம், ரெண்டு பேருக்கும் சேர்த்து 43. அந்த 43 கிட்டத்தட்ட சரிபாதியாப் பிரியுது. ரிபப்ளிக்கன் ஜேமி ஹெரேரா பியூட்லர் முதல். ரெண்டாவது இடத்துக்கு டெமாக்ரட் டேவ் அப்தக்ரோவும் ரிபப்ளிக்கன் சூ கியூல் பெடர்சனும் இழுபறி. 2016ல இதே மாநிலத்துல பொருளாளர் பதவிக்கு மூணு டெமாக்ரட் பிரிச்சு, பாதிக்கு மேல ஓட்டு வாங்கியும் நவம்பருக்கு ரெண்டு ரிபப்ளிக்கன் போனாங்க. எட்டு வருஷத்துல மறந்துட்டாங்க.

மாநிலப் பதவியில ஓட்டர் பெரும்பாலும் கட்சி பேரைப் பார்த்துத்தான் குறிக்கிறார். அஞ்சு டெமாக்ரட் இருந்தா அந்த ஓட்டு ஏறக்குறைய குருட்டுத்தனமா அஞ்சாப் பிரியும். நீங்க சியாட்டல்ல இருந்தா இப்போ செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு: சீட்டோட நிலையை ஆன்லைன்ல பாருங்க. கையெழுத்துப் பொருந்தலன்னு நின்னிருந்தா கவுன்டி சான்றளிக்கிறதுக்கு முன்னாடி சரிபண்ணுங்க.

#18 ஓட்டுக்கணக்கு
2024 ஆகஸ்ட் 27

அலாஸ்கா. அங்க பிரைமரியில இருந்து நாலு பேர் போவாங்க, நவம்பர்ல 1, 2, 3னு தரவரிசை ஓட்டு. தந்திரத்துக்கு இடமே இல்லாத முறைன்னு விற்பனை பண்ணினாங்க. 2022 ஆகஸ்ட் ஹவுஸ் இடைத்தேர்தல்ல டெமாக்ரட் மேரி பெல்டோலா 40, ரிபப்ளிக்கன்கள் சாரா பேலின் 31, நிக் பெகிச் 28. பெகிச் வெளியேறினதும் அவர் ஓட்டர்கள்ல பாதிப் பேர்தான் பேலினை ரெண்டாவதா போட்டிருந்தாங்க; ஐந்தில் ஒரு பங்கு யாரையுமே போடல. பெல்டோலா ஜெயிச்சார். பேலின் ஓட்டர்கள்ல சுமார் 2,600 பேர் பெகிச்சை முதல்ல போட்டிருந்தா பேலின் வெளியேறி, பெகிச் ஜெயிச்சிருப்பார்.

இந்தத் தடவை அந்தப் பாடத்தை ஓட்டர்கிட்ட விடல. ஆகஸ்ட் 20 பிரைமரியில மூணாவது வந்த ரிபப்ளிக்கன் நான்சி டால்ஸ்ட்ரம் விலகிட்டார். நாலாவது வந்த ரிபப்ளிக்கனும் விலகிட்டார். ரிபப்ளிக்கன் பக்கம் பெகிச் தனி ஆள். கலிபோர்னியா மாதிரி இல்லாம அங்க பிரைமரிக்குப் பிறகும் பேரை எடுக்க முடியும், அந்த ஒரே விதியால பிரைமரி அவங்களுக்கு ஒத்திகை ஆயிடுச்சு. வேடிக்கை என்னன்னா, காலியான இடத்துக்குக் கீழ இருந்தவங்க ஏறி வருவாங்க. அப்படி ஏறி வர்றதுல சிறையில இருக்கிற ஒரு டெமாக்ரட்டும் உண்டு.

#19 ஓட்டுக்கணக்கு
2024 செப்டம்பர் 6

வாஷிங்டன்ல கையால மறு எண்ணிக்கை முடிஞ்சது. பத்தொன்பது லட்சம் ஓட்டுல அப்தக்ரோவ் 49 ஓட்டு முன்னாடி.

#20 யாழ்-டொராண்டோ
2024 செப்டம்பர் 24

எங்கட பக்கத்திலயும் 1, 2, 3 எண்டு போடலாம், ஆனா சனம் போடுறதில்லை. இந்த முறை ஜனாதிபதித் தேர்தல்லதான் இலங்கையில முதல் தடவை இரண்டாம் எண்ணிக்கை வரைக்கும் போனது. அலாஸ்கா முறையோட ஒப்பிட ஏலுமா?

#21 ஓட்டுக்கணக்கு
2024 செப்டம்பர் 24

ஒரு வித்தியாசம் பெருசு. அலாஸ்காவுல கடைசி ஆளை ஒவ்வொருத்தரா எடுப்பாங்க. இலங்கையில முதல் ரெண்டு பேரைத் தவிர மற்ற எல்லாரையும் ஒரே அடியா எடுத்துடுவாங்க, அந்த ரெண்டு பேருக்கு விழுந்த விருப்பு வாக்கு மட்டும்தான் சேரும். அதனால மூணாவது இடம் அங்கயும் கத்திமுனை.

கணக்கைப் பாருங்க. அநுர 42.31, சஜித் 32.76. மற்றவங்க வாங்கினது சுமார் 33 லட்சம். அதுல அநுரவுக்கு மாறினது 1,05,264, சஜித்துக்கு 1,67,867. மொத்தம் 2.73 லட்சம், பத்துல ஒரு பங்குகூட இல்ல. ரணிலுக்கோ தமிழ்ப் பொது வேட்பாளர் அரியநேத்திரனுக்கோ 1 போட்டுட்டு 2ஐ வெறுமையா விட்டவங்களுக்கு, கடைசிச் சுற்றுல ஓட்டே இல்லாமப் போச்சு. 2 போடுறதால 1க்கு எந்தச் சேதாரமும் வராது, ஏன்னா முதலாமவர் வெளியேறின பிறகுதான் ரெண்டையே பார்ப்பாங்க. மூணு பேரைக் குறிக்கிறப்போ முதல் ரெண்டுக்குள்ள வரக்கூடிய ஒருத்தராவது உள்ள இருக்கணும்.

#22 ஓட்டுக்கணக்கு
2024 டிசம்பர் 12

பாக்கி இருந்த கணக்குகள். நவம்பர்ல ஷிஃப் 58.9, கார்வி 41.1. அப்தக்ரோவ் ஜெயிச்சார், பிரைமரியில 49 ஓட்டுல தப்பிச்சவர் நவம்பர்ல சுலபமா தாண்டினார். 16ஆவது தொகுதியில லிக்கார்டோ. அலாஸ்காவுல பெகிச். அந்த முறையையே ஒழிக்கணும்னு போட்ட தீர்மானம் ஆயிரத்துக்கும் குறைவான ஓட்டுல தோத்துச்சு, மறு எண்ணிக்கைக்குப் பிறகும் அப்படியே.

#23 குபெர்டினோ வாசி
2024 டிசம்பர் 13

அப்போ 2026 கவர்னர் பிரைமரிக்கு இப்பவே பயப்படலாமா?

#24 ஓட்டுக்கணக்கு
2024 டிசம்பர் 13

இப்போ வேண்டாம். 2026 மார்ச்ல மனு முடிஞ்சதும் சீட்டுல எத்தனை பேர்னு பாருங்க. ரிபப்ளிக்கன் பக்கம் ரெண்டு பேர் சம பலத்துல நின்னு, டெமாக்ரட் பக்கம் அஞ்சாறு பேர் இறங்க மறுத்தா இங்க வந்து எழுதுங்க, சதவீதம் வெச்சுப் பேசலாம். ரிபப்ளிக்கன் பக்கம் ஒருத்தர் தனியா முன்னாடி இருந்தா பிடிச்சவருக்குப் போட்டு முதல் வாரமே அனுப்பிடுங்க.